இரண்டாம் தட்டு

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ராகு காலம் தொடங்கியது. அதே ஏழரைக்குத்தான் மகுடேஸ்வரனை எண்டோஸ்கோப்பி அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஒம்பது மணிக்கு மேல போலாமுங்க," என்றாள் பிருந்தா.

"ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ராகு ஏது, கேது ஏது?" என்றான் மகுடேஸ்வரன். சொல்லிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தான். காமாலை கண்டதிலிருந்து உடம்பு முழுக்க அரிப்பு. கண் மஞ்சள், நகம் மஞ்சள். சொறிந்த இடம் மட்டும் சிவப்பு.

"இத்தன மாசம் பதிலில்லாம அலஞ்சாச்சு. இன்னும் சித்த நேரம் பொறுத்தா என்னுங்க?"

அவனோடு இரட்டையாகப் பிறந்த நாராயணன் ஏற்கெனவே ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு நின்றான். அதே நெற்றி, அதே மூக்கு, அதே வழுக்கை. மஞ்சள் மட்டும் இல்லை.

"சண்ட வேண்டாமுங்க அண்ணி. நான் முன்னால போறேன். எப்படியும் ரெண்டு பேரும் போகோணுமல்ல?"

"உங்களுக்கு மட்டும் ராகு காலம் இல்லீங்களா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே சாதகம். ராகு என்னையப் பாத்து, அதான் பாத்தாச்சேன்னு போயிருவான்."

பிருந்தா சிரித்துவிட்டாள். "உங்களுக்குச் சீக்கு இல்லீங்களே. உங்கள அவன் என்ன பண்ணப் போறான்," என்றாள்.

சிஸ்டர் எஸ்தர் வந்து பார்த்தாள். இரண்டு பேரும் வெறும் வயிறு. யார் முதலில் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். நாராயணன் உள்ளே போனான். ஒன்பதேகாலுக்கு மகுடேஸ்வரன் போனான்.

அந்தச் சோதனைக்கு முன்னோட்டம் என்று பெயர். முந்தைய வாரம் டாக்டர் தஸ்னீம் அதைச் சொன்னபோது இருவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கோவை கணபதியில் இருவருக்கும் சேர்த்து ஒரு பட்டறை. கருகிப்போன பம்ப் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டித் தருவார்கள். அதனால் எந்த எந்திரத்தைப் பற்றிச் சொன்னாலும் இருவரும் முன்னால் சாய்ந்து கேட்பார்கள்.

"கல்லீரல்லேர்ந்து குடலுக்குப் பித்தம் வர்ற குழாய் ஒரு இடத்துல சுருங்கியிருக்கு," என்றார் டாக்டர். "வாய் வழியா உள்ள போயி, குழாய்க்குள்ளயே கேமராவ விட்டுப் பாத்தோம். மூணு தடவை கிள்ளி எடுத்தோம். புற்றுநோய்னும் வரல, இல்லைன்னும் வரல. சாதாரண வீக்கமா இருந்தாலும் இப்படித்தான் தெரியும். புற்றுநோயா இருந்தாலும் இப்படித்தான் தெரியும்."

"அப்பறம் எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?" என்றான் மகுடேஸ்வரன்.

"கிள்ளினதை ஓட்டிப் பாக்கலாம். அந்தச் செல்லுங்களைத் தட்டுல வளர்த்து, பெட்டிக்குள்ள வெச்சு, காலத்தை வேகமா ஓட்டறது. நாலு வாரத்துல பத்து வருஷம். அது கெட்டதா மாறுதா, அப்படியே இருக்கான்னு பாத்துடலாம்."

"புது மோட்டாருக்கு லோடு குடுத்து ராவும் பகலும் ஓட்டறமே, எப்பக் கருகுதுன்னு," என்றான் நாராயணன். "அதானுங்களே?"

"அதேதான்."

"ஓட்டி ஓட்டியே கருகிப்போச்சுன்னா?"

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றார். "வேகமே சில சமயம் செல்லைக் கெடுத்துடும். அதனால பக்கத்துல இன்னொரு தட்டு வெப்போம். நோயில்லாத ஆளோடது. ரெண்டும் கெட்டா, ஓட்டம் கெடுத்தது. ஒண்ணு மட்டும் கெட்டா, நோய். அந்த ஆள் எவ்வளவு நெருங்கின ரத்தமோ அவ்வளவு நல்லது. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்ச பிள்ளைங்கன்னா அதுக்கு மேல ஒப்பே இல்ல."

"அவனோட நல்ல குழாய் எங்கியாச்சும் இருக்குமல்ல? அங்கியே கிள்ளலாமே?"

"அவர் குழாய் பூரா வீங்கிக் கிடக்கு. நல்ல இடம்னு ஒண்ணு இல்ல."

"சரிங்க, எடுத்துக்கங்க. பத்து வருஷம் எதுக்கு? ஆயுசு பூராத்துக்கும் ஓட்டிப் பாத்துருங்களே."

"ஆயுசு பூரா ஓட்டினா எல்லார் தட்டும் கெட்டுடும், நாராயணன். என்னோடதும்தான். எங்கயாவது நிறுத்தணும்."

நாராயணன் அண்ணனைப் பார்த்தான். பிறப்பில் சில நிமிடங்கள் முந்தியவன் என்பதால் மகுடேஸ்வரன்தான் அண்ணன். அவன் பத்து என்றான். ஏன் பத்து என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

*

சோதனை முடிந்த அன்று மாலையே நாராயணனுக்கு வயிறு வலித்தது. இரவில் முதுகுக்கு ஏறியது. குழாய்வாயைத் தொட்டதில் பக்கத்திலிருந்த கணையம் வீங்கிவிட்டது என்றார் டாக்டர் தஸ்னீம். சிலருக்கு அப்படி ஆகுமாம். கையெழுத்து வாங்கும்போதே சொன்னதாகவும் சொன்னார். சொன்னதுதான்.

பிருந்தா ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. பிறகு ஒருநாள், "ராகு காலத்துல நாந்தான் அனுப்பி வெச்சேன்," என்று மட்டும் சொன்னாள்.

நோயில்லாதவன் படுக்கையில் கிடந்தான். நோயாளி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பார்க்க வந்த உறவினர்கள் குழம்பினார்கள். கொடுமுடியிலிருந்து வந்த மாமா ஆரஞ்சுப் பழங்களை நாராயணன் தலைமாட்டில் வைத்துவிட்டு, "மஞ்சக்காமால எறங்கிருச்சாட்ட இருக்குதே," என்று சந்தோஷப்பட்டார். வலியோடு வலியாக நாராயணன் சிரித்தான்.

"எறங்கலீங்க மாமா. பக்கத்து ஸ்டூலுக்கு மாறிருச்சு."

நான்காவது வாரம் முடிவு வந்தது. நாராயணன் அப்போதுதான் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தான். மகுடேஸ்வரனும் பிருந்தாவும் மட்டும் போனார்கள்.

"முதல் தட்டு கெட்டிருக்கு," என்றார் டாக்டர். "ரெண்டாவது வருஷத்துலயே. இரண்டாம் தட்டு பத்து வருஷமும் சுத்தமா ஓடியிருக்கு. வேகத்துல வருஷக் கணக்கு முன்னப் பின்ன இருக்கும். அதனால இன்னிக்கே உள்ள இருக்கலாம்னுதான் எடுத்துக்கணும். ஆபரேஷன் பண்ணிடலாம். குழாயையும் கல்லீரல்ல ஒரு பாதியையும் எடுக்கணும். பெரிய ஆபரேஷன்தான். ஆனா நேரத்தோட கண்டுபிடிச்சிருக்கோம்."

பிருந்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மகுடேஸ்வரனுக்கு அழுகை வரவில்லை. பயமும் உடனே வரவில்லை. ஏதோ ஒரு இடத்தில் கம்பி மாறிக் கட்டிய மாதிரி இருந்தது. எந்த இடம் என்று தேடினான்.

"மொதத் தட்டுன்னா என்றதுங்களா?"

"ஆமா. நோயாளியோடதுதான் எப்பவும் ஒண்ணு."

"நான் ரெண்டாவதால்ல உள்ள வந்தேன்?"

டாக்டர் கையிலிருந்த அறிக்கையை மறுபடி திருப்பிப் பார்த்தார். அன்று இருவருக்கும் குழாய் விட்டவர் அவர்தான். ராகு காலத்துக்காக வரிசை மாறியதும் அவருக்குத் தெரியும். "குப்பியில எழுதியிருப்பாங்க," என்றார்.

"என்ற பேருங்களா?"

"ரெண்டு குப்பியிலயும் உங்க பேருதான். சோதனையே உங்க பேர்லதானே. ஒண்ணு, ரெண்டுன்னு எண் மட்டும் போடுவாங்க."

சிஸ்டர் எஸ்தரைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். கேள்வி புரிந்ததும் முகம் மாறியது.

"மொதல் குப்பிக்கு ஒண்ணுன்னு எழுதினேன் டாக்டர். எப்பவும் அப்படித்தானே. அப்புறம் தம்பிதானே மொதல்ல வந்தாருன்னு ஞாபகம் வந்து மாத்தினேன். மாத்தினேன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, மாத்தினீங்களா?"

"ஒருத்தர் மஞ்சளா இருந்தாரு, ஒருத்தர் இல்ல. இதுல போயி என்ன குழப்பம் வரப்போகுதுன்னு..." அவள் அழ ஆரம்பித்தாள்.

அவளுக்கு யார் தண்ணீர் கொடுத்தது என்பதுகூட மகுடேஸ்வரனுக்குப் பிறகு நினைவில்லை.

*

மறுநாள் அவன் மட்டும் போனான். இரவெல்லாம் கேள்விகளை அடுக்கி வைத்திருந்தான்.

"ரத்தம் பாக்கறாங்க, மரபணு பாக்கறாங்க. தட்டுல இருக்கறது யாருதுன்னு கண்டுபிடிக்க முடியாதுங்களா?"

"உலகத்துல யாரை வேணாலும் பிரிச்சுக் காட்டிடுவோம். உங்க ரெண்டு பேரை மட்டும் முடியாது. அதுக்காகத்தானே உங்க தம்பிய எடுத்தோம்?"

"செல்லப் பாத்தா? என்றது வீங்கின குழாயாச்சே."

"செல்லு செல்லாப் பிரிச்சு, கழுவிட்டுத்தான் தட்டுல விதைப்போம். வீக்கமெல்லாம் அங்கயே போயிடும்."

"மறுபடியும் கிள்ளுங்க."

"உங்க குழாய்ல இப்ப சீழ் புடிச்சிருக்கு. ஆறுறதுக்கு மூணு மாசம் ஆகும். அதுக்கப்புறம்தான் ஓட்டணும். அந்தத் தட்டு உங்களோடதா இருந்தா அவ்வளவு நாள் நமக்குக் கிடையாது. உங்க தம்பிகிட்ட எடுக்கவே முடியாது. அந்தக் கணையத்தை இன்னொரு தடவை தொட்டா உயிருக்கே ஆபத்து."

"அவனுக்கு ஒரு சீக்கும் இல்லீங்களே. நல்லாத்தான இருந்தான்?"

"நல்லா இருக்கிறவங்களுக்கும் ஒருநாள் தொடங்கத்தான் செய்யும். நாம ஓட்டிப் பாக்கறதில்ல, அதனால தெரியறதில்ல."

மகுடேஸ்வரன் உள்ளங்கையைச் சொறிந்தான். அரிப்பு தோலுக்கு அடியில் இருந்தது. நகம் எட்டவில்லை.

"உங்க மனசுல என்ன தோணுது, டாக்டரம்மா?"

"பாதிப் பாதி," என்றார் தஸ்னீம். "ராத்திரி பூரா யோசிச்சுட்டேன். அதுக்கு மேல நகரல." பிறகு, "தம்பிகிட்ட நான் சொல்லியாகணும்," என்றார்.

"என்னன்னு? அவனுக்குக் கெட்டதுன்னு சொல்ல முடியுங்களா?"

"முடியாது."

"இல்லைன்னு?"

"அதுவும் முடியாது."

"அப்பறம் என்னத்தச் சொல்லுவீங்க?"

"நடந்ததைச் சொல்லுவேன். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துட்டே இருக்கச் சொல்லுவேன்."

"இப்பத்தான் ரெண்டு வாய் கஞ்சி எறங்குது அவனுக்கு. நானே சொல்றனுங்க. நான் சொன்னாத்தான் கேப்பான்."

டாக்டர் தலையசைத்தார். அப்படி ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது என்பது அந்த அறையில் இருந்த இருவருக்குமே தெரியும்.

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். "ஒண்ணு கேக்கோணும். என்னைய அறுத்து எடுக்கறீங்க. எடுத்ததுல அது இருந்துதுன்னா?"

"அப்ப முதல் தட்டு உங்களோடது. சந்தேகமே இல்ல."

"அவன் தட்டு சுத்தம்."

"பத்து வருஷத்துக்கு."

"அப்படின்னா அறுத்துருங்க," என்றான் மகுடேஸ்வரன்.

*

பிருந்தா சம்மதிக்கவில்லை. சமையலறையில் நின்றபடி பேசினாள். அடுப்பில் எதுவும் இல்லை.

"பாதிக் கல்லீரலுங்க. டேபிள்லயே போறவங்க இருக்கறாங்கன்னு அவங்களே சொல்றாங்க. உங்களதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா நானே கூட்டிட்டுப் போவேன். தெரியாம எதுக்கு?"

"தெரிஞ்சுக்கறதுக்குத்தான்."

"அவருதா இருக்கலாமல்ல?"

மகுடேஸ்வரன் அவளைப் பார்த்தான்.

"இருக்கலாம்னுதான் சொன்னேன்," என்றாள். பிறகு, "அவருக்குப் பொண்டாட்டியா, புள்ளையா? நமக்கு ஒரு புள்ள படிச்சிட்டிருக்குது," என்றாள். சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னறையில் நாராயணன் இருமுவது கேட்டது. வீடு ஒன்றுதான். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்.

"நான் கெட்டவ இல்லீங்க," என்றாள் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

"அவரும் நல்லா இருக்கோணும். நீங்களும் நல்லா இருக்கோணும். ரெண்டையும் ஒட்டுக்காக் கேக்கப்படாதுன்னு எந்தச் சாமியும் சொன்னதில்லையே."

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மகுடேஸ்வரன் சாமி படத்தின் முன் நின்றான். கொடுமுடிக் கோயிலில் ஒரே மதிலுக்குள் சிவனும் பெருமாளும் இருக்கிறார்கள். அம்மா அந்த இரண்டு பெயரையும் இரண்டு பிள்ளைகளுக்கு வைத்தாள். சிவனிடம் கேட்பதா, பெருமாளிடம் கேட்பதா என்று அவன் யோசித்ததே இல்லை. என்ன கேட்பது என்பதும் இதுவரை பிரச்சினையாக இருந்ததில்லை. எனக்கு இருக்கட்டும் என்று வேண்டத் தொடங்கினான். மனசு நடுவிலேயே நின்றது. இல்லாமல் இருக்கட்டும் என்று மாற்றினான். அப்போது சுவருக்கு அப்பால் நாராயணன் யாரிடமோ போனில், மோட்டார் சூடாகிறது என்றால் பேரிங்கைப் பார், காயிலைக் குற்றம் சொல்லாதே என்று கத்திக்கொண்டிருந்தான்.

மகுடேஸ்வரன் எதையும் கேட்காமல் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தான்.

தம்பியிடம் சொல்வதற்காக அன்று இரண்டு முறை கதவு வரை போனான். முதல் முறை அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை விழித்திருந்தான்.

"என்னண்ணா, பயமா இருக்குதா?" என்றான்.

"இல்ல."

"பயப்படாத. உன்ற எடத்துல நான் படுக்கிறதுன்னாலும் படுத்துக்குவேன். மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கவா போறாங்க?"

மகுடேஸ்வரன் திரும்பி வந்து படுத்துக்கொண்டான்.

*

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அரிப்பு இல்லை. அதுதான் முதலில் தெரிந்தது. வலி பிறகு வந்தது. ஒரு வாரம் கழித்துச் சாய்ந்து உட்கார முடிந்தது. நகங்கள் வெளுக்கத் தொடங்கின.

பத்தாம் நாள் டாக்டர் தஸ்னீம் வந்தார்.

"எடுத்ததை முழுக்கச் சீவிச் சீவிப் பாத்துட்டாங்க. எங்கயும் புற்றுநோய் இல்ல. வீக்கம்தான். மாத்திரைக்கே அடங்கியிருக்கக்கூடிய வீக்கம்."

பிருந்தா கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். மகளுக்குச் சொன்னாள். கொடுமுடி மாமாவுக்குச் சொன்னாள். நாராயணனைக் கூப்பிட்டு அழுதாள்.

மகுடேஸ்வரன் கட்டுப் போட்ட வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப கெட்டது அவன் தட்டுங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

"இல்லைன்னு சொன்னீங்களே, இப்பத்தான?"

"இன்னிக்கு இல்லைன்னு சொன்னேன். தட்டு சொன்னது இனிமே வரப்போறதை. அடுத்த வருஷம் உங்க குழாய்ல வர இருந்ததா, வரவே போறதில்லையாங்கிறது அந்தக் குழாய் உங்க உடம்புல இருந்திருந்தாத்தான் தெரியும். சீழ் புடிச்ச செல்லு தட்டுல வளராது, அதனால ஓட்டிப் பாக்கவும் முடியாது. குழாயையும் எடுத்தாச்சு."

"எடுத்ததால..."

"கேக்கறதுக்கு ஆளில்லாமப் போச்சு."

அவன் அதைத் திரும்பத் திரும்ப யோசித்தான். இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இல்லாததால் தெரியவில்லை. இல்லை என்பது நல்ல செய்தி. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புரிந்தது. சேர்த்தால் கழன்றது.

"உங்க தம்பிகிட்ட சொல்லிட்டீங்கள்ல?" என்றார் டாக்டர்.

"சொல்றேன்."

"ஆபரேஷனுக்கு முன்னாலயும் இதையேதான் சொன்னீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் நானே சொல்லிடுவேன்."

அவர் போன சற்று நேரத்தில் நாராயணன் வந்தான். இன்னும் மெலிவு தெரிந்தது. சட்டை தோளில் தொங்கியது. கையில் மைசூர்பா பெட்டி. நெய் அவனுக்கு ஆகாது. அதனால் ஒன்றுகூடத் தொடாமல் வார்டு முழுக்கக் கொடுத்து முடித்தான். பக்கத்துப் படுக்கைக்காரர் யார் நோயாளி என்று கேட்டார். "இப்ப ரெண்டு பேரும் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இல்லாத சீக்குக்கு வயித்த அறுத்துக்கிட்டவன் நீ ஒருத்தன்தாண்ணா."

"சிரிக்க வெக்காதடா. தையல் இழுக்குது."

"பொட்டி பொய் சொல்லிருச்சு பாத்தியா? அந்தம்மா என்ன பெருமையாச் சொன்னாங்க. நாம ஓட்டிப் பாத்த மோட்டார் ஒண்ணாச்சும் இப்படி ஏமாத்தியிருக்குமா?"

"விடு. முடிஞ்சு போச்சு."

"விடு விடுன்னா? ஒருத்தனுக்குப் பாதி ஈரல் போயிருச்சு. இன்னொருத்தன் ஒரு மாசம் கஞ்சி குடிச்சான். எங்க தப்புன்னு பாக்க வேண்டாமா?"

பழுதான மோட்டாரைப் பிரித்துப் போட்டால் வருகிற பார்வை அவன் கண்ணில் வந்தது. மகுடேஸ்வரனுக்கு அந்தப் பார்வை தெரியும். தப்பு கிடைக்கும்வரை சாப்பாட்டுக்கு எழ மாட்டான்.

நாராயணன் விரல்களை மடக்கினான். "ரெண்டும் கெட்டா ஓட்டம் கெடுத்ததுன்னாங்க. ஒண்ணு கெட்டா சீக்குன்னாங்க. உன்றது கெட்டுது. ஆனாச் சீக்கு இல்ல. அப்படின்னா ஓட்டம்தான் கெடுத்திருக்கோணும். ஓட்டம் கெடுத்திருந்தா என்றதும் கெட்டிருக்கோணுமல்ல?"

வராந்தாவில் பிருந்தா யாரிடமோ, ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை என்று சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாராயணன் ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகில் நகர்த்தினான்.

"ஏண்ணா, என்ற தட்டு என்ன ஆச்சுன்னு யாராச்சும் பாத்தாங்களா?"